கடைசி வள்ளம் வரும்வரை

கற்பிட்டிப் பக்கம் கருவாடு வாங்கப் போன நாளில் அவரைக் கண்டேன். கடற்கரைக் கத்தோலிக்கக் கோயிலில் மணியடிப்பவர். மெலிந்த உடம்பு, முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரம். யாரோடு கதைத்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். கண் கடலிலேயே இருக்கும்.

ரோமாபுரியில் பாப்பரசர் இறந்துவிட்டார், உடனே துக்கமணி அடிக்கவேண்டும் என்று பங்குச் சுவாமி தொலைபேசியில் சொல்லியிருந்தார். இவரோ மணிக்கயிற்றைப் பிடித்தபடி சும்மா நின்றார்.

"ஏன் ஐயா இன்னும் அடிக்கல்ல?" என்று கேட்டேன்.

"மூண்டு வள்ளம் வரணும், தம்பி. கடலில நிக்கிறவனுக்கு இந்த மணி கேட்டா, செத்தது தன்ட வீட்டிலயெண்டுதான் நினைப்பான். வலையை வெட்டிப்போட்டு ஓடி வருவான்."

"சுவாமி ஏசமாட்டாரா?"

"ஏசுவார். பாப்பரசர் ஏசமாட்டார். முதல் பாப்பரசர் இராயப்பர். அவரும் வலை இழுத்தவர்தானே. அந்தக் கதிரையில இருந்தவருக்கு இது விளங்கும்."

ஒரு மணித்தியாலம் கழித்துக் கடைசி வள்ளமும் வந்தது. அவர் சாரத்தை இறக்கிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்தார்.

இறந்தது யாரென்று அதற்குள் கரையில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும், முதல் மணி கேட்டதும் வள்ளம் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் கையை எடுத்துவிட்டு, ஒருமுறை தங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.