ஸ்வெட்டர் பாய் கையெழுத்திடாத அறிக்கை

செவ்வாய்க்கிழமை காலை, குளிர் அறையை மைனஸ் ஏழு டிகிரிக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது காவலாளி ஓடிவந்தார். "மேடம், நம்ம ஸ்வெட்டர் பாய் போயிட்டாராம். விடிகாலைல நெஞ்சு வலி வந்துதாம்." இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். அதுவரை எந்தச் சோதனையையும் நான் பாதியில் நிறுத்தியதில்லை.

ஸ்வெட்டர் பாய் என்ற நூருல்லா அவர்கள் எங்கள் ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன். குளிர் நாடுகளில் வீடுகளைச் சூடாக்கும் ஹீட் பம்புகளை, காஞ்சிபுரத்து வெயிலில், செயற்கைக் குளிரை உண்டாக்கிச் சோதிப்பது எங்கள் வேலை. செவிலிமேட்டில் அவர் வீட்டு மாடியில் சித்திரையிலும் கம்பளி ஸ்வெட்டர் காயும். "இன்னா பாய், ஊட்டிக்குப் போய்க்கினு வர்றியா?" என்று தெருவே கிண்டல் செய்யும். "டெய்லி போறேன்பா, கம்பெனி பஸ்ல" என்பார்.

ஆறு வருடத்துக்கு முன்பு, நான் ஆய்வகத் தலைவியாகச் சேர்ந்த புதிது. கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஒரு நிறுவனத்தின் இயந்திரம் தேறினால் என் பதவி உறுதியாகும் என்ற நிலை. ஹீட் பம்பின் வெளிப்பகுதியில் பனி படியும். அதை உருக்க, அவ்வப்போது பத்து நிமிடம் வீட்டுக்குச் சூடு தருவதை அது நிறுத்திவிடும். அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் சூட்டின் சராசரி எடுக்க வேண்டும். நான் அந்தப் பத்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காமல் எழுதினேன். எண் கூடி, அழகாக வந்தது. பாய் படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"அந்தப் பத்து நிமிஷம் அந்த வீட்ல ஆளுங்க இருக்க மாட்டாங்களா மேடம்?"

"கையெழுத்துப் போட முடியலைன்னா ஸ்டோருக்குப் போங்க பாய்."

போய்விட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சாமான் கிடங்கில் வேலை.

அன்று மாலை தனியாக உள்ளே போய், இயந்திரம் வீட்டுக்குச் சூடு தரும் பக்கத்தில் கையை நீட்டி நின்றேன். கதகதப்பாக வந்துகொண்டிருந்த காற்று சட்டென்று சில்லிட்டது. கையை எடுக்காமல் காத்திருந்தேன். அடேயப்பா, பத்து நிமிடம் எவ்வளவு நீளம்! அறிக்கையைக் கிழித்துவிட்டு முழு நேரத்தையும் சேர்த்து எழுதினேன். இயந்திரம் தேறவில்லை. மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனாலும் பாயைத் திரும்பக் கூப்பிட வீம்பு விடவில்லை. இரண்டு மாதம் கழித்து, "குளிர் சேம்பர்ல ஆள் இல்ல, வாங்க" என்று மொட்டையாகச் சொன்னேன். அவர் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தார். "டெய்லி எடுத்துக்கினுதான் வந்தேன் மேடம்." மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம் பக்கத்திலேயே வேலை பார்த்தோம், அப்போதும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "'எங்க மேடம் ஒரு நம்பரைக்கூட கூட்டி எழுத மாட்டாங்க'ன்னு சொல்லிக்கினே இருப்பாரும்மா." ஸ்டோருக்கு அனுப்பப்பட்டதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. எழுந்து மேலே போனேன். மாடிக் கொடியில் ஸ்வெட்டர் அப்படியே இருந்தது. திங்கட்கிழமை அவரே துவைத்துப் போட்டதாம்.

அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நான் கூட்டித்தான் எழுதினேன், பாய். நீங்கள் பேனாவை மூடியதால்தான் அது வெளியே போகவில்லை. மன்னித்துவிட்டுப் போய் வாருங்கள்.