அலெக்சாண்ட்ரியாவுக்கு இரண்டு பேர்

என் தம்பி ரிஃபாத் எங்கள் சுப்ரா பேட்டையில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். நின்றுபோன லிஃப்ட் எதுவானாலும் அவன் கை பட்டால் ஓடும். அக்கா என்பதால் சொல்லவில்லை, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் லிஃப்டை ஓட்டவும் நிறுத்தவும் தெரிந்தவனுக்குத் தன் வாயை நிறுத்தத் தெரியாது. ஒருமுறை கல்யாண வீடொன்றில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட மணப்பெண்ணை மீட்கப் போனான். மீட்டுவிட்டு விருந்துக்கு இருந்தான். மறுநாள் காலை அந்தக் கல்யாணத்தில் மேளம் அடித்தவர்கள் பாதிப் பேர் அவன் வீட்டு மேசையில் உட்கார்ந்து அவித்த ஃபூல் பயறும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மஹாசின் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மஹாசின் அவன் மனைவி. தபால் நிலையத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்காரும் வேலை. பெண்கள் இரண்டு பேரில் மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, இளையவள் அஸ்யூத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரு நாள் மஹாசின் என் கடைக்கு வந்தாள். எனக்கு அதே தெருவில் பொத்தான், நூல் விற்கும் கடை.

"அண்ணி, ஆபீஸ்லயும் வரிசை, வீட்டுக்கு வந்தாலும் வரிசை. கல்யாணமான நாள்லேர்ந்து நாங்க ரெண்டு பேர் மட்டும் உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டதில்ல. நீங்க நம்புவீங்களா?"

நம்பினேன். நான் அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறேன். அந்த வீட்டுக் கதவு எத்தனை முறை திறக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"அலெக்சாண்ட்ரியாவுக்கு ரெண்டே ரெண்டு நாள். அவரும் நானும். வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

ஏற்பாட்டை நானே எடுத்துக்கொண்டேன். ரிஃபாத்திடம் விட்டிருந்தால் ரயிலில் ஒரு பெட்டி முழுவதையும் பிடித்திருப்பான். நவம்பர் நடுவில் அங்கே ஒரு புயல் வரும், மீனவர்கள் அதற்குத் 'துடைப்பம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தின வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். கடற்கரைச் சாலையில் பழைய விடுதி ஒன்றுக்குப் போன் செய்து, ஜன்னலில் கடல் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார்கள். நின்றபடி தெரியுமா, கழுத்தை வெளியே நீட்டினால் தெரியுமா என்று கேட்டேன். எதிர்முனையில் பதிவேட்டைப் புரட்டினார்கள். பிறகு வேறு அறை கொடுத்தார்கள். ரயிலில் வெயில் அடிக்காத பக்கமாக இரண்டு இருக்கைகள். எல்லாம் முடிந்த பிறகு தம்பியை உட்காரவைத்துச் சொன்னேன்:

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. எங்க போறேன்னு கேட்டா வேலைன்னு சொல்லு."

"நான் என்ன குழந்தையா அக்கா?" என்று சிரித்தான்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. ஊருக்குப் போகிறேன் என்று சொல்கிறவர், 'நீங்களும் வாருங்கள்' என்று சொல்லித்தான் ஆகவேண்டும். கேட்டவர், 'நீங்கள் நல்லபடியாகப் போய் வாருங்கள்' என்று சொல்லித்தான் ஆகவேண்டும். படகில் போகிறவன் கரையில் நிற்பவனைச் சாப்பிடக் கூப்பிடுவதைப் போன்றது அது. படகும் நிற்காது, கரையில் இருப்பவனும் நீந்தி வரமாட்டான். இருவருக்கும் மரியாதை. இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ரிஃபாத் பெட்டியின் ஜிப்பைத் தைக்கக் கொண்டுபோயிருக்கிறான். வழியில் எங்கள் அத்தை இன்சாஃப். அப்பாவின் தங்கை, எதிர்ச்சந்தில் தனியாக இருக்கிறார்.

"பெட்டியோட எங்கடா?"

"அலெக்சாண்ட்ரியாவுக்கு அத்தை, நானும் மஹாசினும். நீங்களும் வாங்களேன்."

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கப்பா. அல்லாஹ் காப்பாத்தட்டும்."

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். அத்தை தன் பங்கைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் என் தம்பிக்கு ஒரு முறை அழைத்தால் போதாது.

"அதெப்படி அத்தை? நீங்க வந்தே ஆகணும்."

"முட்டி வலிக்குதுடா, போ."

"முட்டியை நான் தூக்கிட்டு வரேன். தலாக் மேல ஆணை, நீங்க எங்ககூட வரலைன்னா மஹாசின் எனக்குப் பொண்டாட்டி இல்ல!"

எங்கள் ஆண்கள் கடைசிக் கவளம் சாப்பிட மறுக்கும் விருந்தாளியிடமும் இந்த ஆணையைத்தான் இடுவார்கள். அதைச் சொல்லிவிட்டால் மறுப்பதற்கு யாருக்கும் நாக்கு எழாது. அத்தைக்கும் எழவில்லை. அன்று மாலையே மஹாசினுக்குப் போன் செய்து, ரயிலில் சாப்பிட முட்டைக்கோஸ் சுருள் செய்யட்டுமா, குடமிளகாயில் அரிசி அடைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

மஹாசின் என் கடைக்கு வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அத்தை வந்தா நான் போகல அண்ணி. அத்தை வரலைன்னா நான் அவருக்குப் பொண்டாட்டியே இல்ல. இதுல எதை நான் பெட்டியில எடுத்து வெக்கணும், நீங்களே சொல்லுங்க."

கடையைப் பூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு மேலே ஏறினேன். ரிஃபாத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு அறிவிருக்கா?"

"மரியாதைக்குச் சொன்னேன் அக்கா."

"மரியாதைக்குப் பொண்டாட்டியை அடகு வெப்பாங்களாடா? போய் அத்தைகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டு வா."

போனான். வெகுநேரம் கழித்து ஒரு தட்டு நிறைய முட்டைக்கோஸ் சுருளோடு திரும்பி வந்தான். சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் அத்தை ஒரு சுருளை வாயில் திணித்துவிட்டாராம். போதாக்குறைக்கு, அறையில் சமைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சின்ன அடுப்பையும் எடுத்துவைத்திருக்கிறாராம். எனக்குத் தலையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் அவனைப் பள்ளிவாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே தொழுகை நடத்தும் ஷேக் அப்துல் பாரி பொறுமையானவர்.

"என்ன சொன்னே, அப்படியே சொல்லு."

சொன்னான்.

"உன் மனசுல பொண்டாட்டியை விலக்குற எண்ணம் இருந்துச்சா, இல்ல, அத்தையை வரவெக்கிற எண்ணமா?"

ரிஃபாத் யோசித்தான். "அத்தையை வரவெக்கிற எண்ணமும் இல்ல ஷேக்."

ஷேக் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "அப்போ விலக்கு ஆகல. ஆணைக்குப் பரிகாரமா பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடு. இனிமே அந்த வார்த்தையை வாயில எடுக்காதே."

"அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும் ஷேக்! நீங்களும் அன்னைக்கு வந்து எங்ககூட..."

அவன் காலை மிதித்தேன்.

"நான் அந்தப் பத்துல சேரமாட்டேன்ப்பா" என்றார் ஷேக்.

ஆணை போயிற்று. அத்தை போகவில்லை. ஷேக் சொன்னதை மஹாசினிடம் சொன்னேன்.

"சந்தோஷம். ஆனா அத்தைகிட்ட நீங்க போய்ச் சொல்லக் கூடாது அண்ணி. நானும் சொல்லமாட்டேன். அவரே சொல்லணும். இல்லைன்னா இன்னைக்கு அத்தை, நாளைக்கு மேளக்காரன்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அவன் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த நாளிலிருந்து அவன் சொல்ல வேண்டிய 'மாட்டேன்' எல்லாவற்றையும் நான்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

பத்துப் பேருக்குச் சமைக்க அண்டா வேண்டும். தெருவில் அந்த அளவு அண்டா இன்சாஃப் அத்தையிடம் மட்டும்தான் இருக்கிறது. ரிஃபாத் கிளம்பினான். அண்டாவின் மறு காதைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று நானும் போனேன். வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன்.

"அண்டா வேணும் அத்தை."

"எதுக்கு?"

"சமைக்க."

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அலெக்சாண்ட்ரியாவுக்கு அண்டாவா? இன்னும் எத்தனை பேரைடா கூப்பிட்டிருக்கே?"

ரிஃபாத் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் நெற்றியைத் துடைத்தான், தண்ணீர் கேட்டான், குடித்தான், குவளையை வைத்தான். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது போல இருந்தது அந்த வீடு. நாக்கின் நுனி வரைக்கும் வந்ததை நான் விழுங்கினேன்.

"அத்தை... நீங்க வரவேண்டாம்."

"என்ன?"

"நானும் மஹாசினும் மட்டும் போறோம். ஆணைக்குப் பரிகாரம் பண்ணத்தான் அண்டா. நீங்க வரவேண்டாம் அத்தை. நான் கூப்பிட்டது தப்பு."

அத்தை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சிவந்தது. பிறகு தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

"கிறுக்குப் பயலே! மூணு ராத்திரி நான் தூங்கலடா! இந்த முட்டியை வெச்சிக்கிட்டு ரயில் படி எப்படி ஏறுறது, அந்தக் காத்துல எங்க உக்கார்றதுன்னு செத்துக்கிட்டிருந்தேன். வரலைன்னா உன் குடும்பம் உடைஞ்சிடுமேன்னுதானே பெட்டி கட்டினேன்! எனக்கெதுக்குடா கடலு?"

"அப்போ கோபமில்லையா அத்தை?"

"கோபமில்லையா? வேண்டாம்னு என் முகத்துக்கு நேரா சொல்லிட்டே, கோபமில்லாமயா இருக்கும்?" என்று என் பக்கம் திரும்பினார். "இனாயாத், இவனை வெளிய கூட்டிட்டுப் போ. அண்டாவை எடுத்துட்டுப் போகாதே. இவன் அரிசியைக் குழைச்சு ஏழைங்களுக்குப் போடுவான், அந்தப் பாவம் யாருக்கு? நானே சமைக்கிறேன்."

அத்தையே சமைத்தார். இறைச்சியும் சோறும் குறையில்லாமல் இருந்தன. வந்த பத்துப் பேரிடமும் நன்றாகப் பேசினார். ரிஃபாத்திடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும் நாளில் மஹாசினிடம் ஒரு கம்பளிச் சால்வையைக் கொடுத்தனுப்பினார், அவனுக்குப் போர்த்தக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ரம்ஸீஸ் ரயில் நிலையத்தில் நானே ஏற்றிவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டதும் ரிஃபாத் வாயைத் திறந்தான். மஹாசின் ஆரஞ்சுச் சுளை ஒன்றை அதில் வைத்தாள். ரயில் நகர்ந்தது.

மறுநாள் மதியம் போன் செய்தான். பின்னால் காற்றின் இரைச்சல் கேட்டது.

"மீன் சாப்பிட்டோம் அக்கா. மேசையில நாங்க ரெண்டு பேர்தான். மஹாசின் என் தட்டுலேர்ந்தும் எடுத்துச் சாப்பிட்டா."

"நல்லது."

"காத்து ஆளையே தூக்குது. ஆனா கடல் இருக்கே அக்கா..."

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கே ரயிலேறி வா என்பான். கடை இருக்கிறது, நீங்கள் நல்லபடியாக இருந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.

"சரி அக்கா. மஹாசின் கூப்பிடுறா. வெக்கிறேன்."

வைத்துவிட்டான். என்னை 'வா' என்று கூப்பிடவே இல்லை. மரியாதைக்குக்கூட ஒரு வார்த்தை இல்லை. கூப்பிட்டிருந்தாலும் நான் போயிருக்கப்போவதில்லை, அது வேறு விஷயம்.