கண்ணிவெடி தேடுகிறவர்

என் கணவர் கடற்படையில், கடலடியில் கண்ணிவெடி தேடும் கப்பலில் இருக்கிறார். இரும்பு நெருங்கினாலே சில கண்ணிகள் வெடித்துவிடுமாம். அதனால் அந்தக் கப்பலின் உடம்பே கண்ணாடி இழைதான். ஒலியை அனுப்பி, எதிரொலியைத் திரையில் பார்த்தபடி, புல் வெட்டுகிறவர்போல் வரிவரியாகப் போவார்கள்.

வாரக்கணக்கில் கடலில் அலைந்துவிட்டுக் கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார்.

"என்னங்க கெடச்சுச்சு?"

"ஒன்னும் இல்ல லா" என்பார், பரீட்சையில் பாஸானவர்போல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றும் இல்லாததற்கா இத்தனை டீசல்?

போன மாதம் என் மார்பில் ஏதோ தட்டுப்படுவதுபோல் இருந்தது. ஸ்கேன் அறையில் டாக்டர் கருவியை மெல்ல நகர்த்த, கூட வந்த இவர் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"டாக்டர், அந்த ஓரம் இன்னும் பாக்கல" என்று அதட்டலாகவே சொன்னார். டாக்டர் சிரித்துக்கொண்டே அங்கேயும் பார்த்தார்.

"ஒன்னும் இல்லம்மா. தைரியமா வீட்டுக்குப் போங்க."

காரில் ஏறியும் இவர் சாவியைத் திருகவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

"நீ சொல்லு."

"ஒன்னும் இல்ல லா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்.