விதைப் பையோடு வந்த பொட்டலம்

யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை எனக்கு. புழுவைக் கொல்லும் நஞ்சு செடியிலேயே ஊறும் பருத்தி ரகம் அது; அந்த விதைப் பைக்குள் தனியாக ஒரு சின்னப் பொட்டலம் வரும். நஞ்சில்லாத, புழு தின்னக்கூடிய சாதாரண விதை. பருத்திக் காட்டைச் சுற்றி ஓரத்தில் விதைக்கச் சொல்வார் வேளாண்மை அலுவலர். கழித்துப்போட்ட விதையை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று வருஷா வருஷம் அதை மோட்டார் கொட்டகை மூலையில் வீசினேன். கம்பைநல்லூர் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

ஒரு வருஷம் செடியின் நஞ்சுக்கும் சாகாத காய்ப்புழு மொத்தக் காட்டையும் தின்றது. "ஓரச் செடியில சாதாரணப் புழு பொழைச்சிருந்தா, இது அதோட கலந்து வீரியம் கொறைஞ்சிருக்குங்க" என்றார் அலுவலர். விதைக் கம்பெனிக்காரனுக்குப் பரிந்து பேசுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு எனக்கே புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்து எலும்புக்கும் பரவியது. சில மாதம் மாத்திரை சாப்பிட்டதில் நோயின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை நம்பர் பாதிக்கும் கீழே இறங்கியது. உடனே, மாத்திரையை நிறுத்தச் சொன்னார் சேலத்து டாக்டரம்மா.

"நல்லாக் கேக்குற மருந்தை எதுக்குங்க நிறுத்தணும்?"

"மருந்துக்குச் சாகாத செல்லும் உள்ள கொஞ்சம் இருக்குங்க. சாகற செல்லைச் சுத்தமா அழிச்சிட்டா, இடமும் சத்தும் சாகாததுக்குத்தான் போகும். சாகறதைக் கொஞ்சம் விட்டு வெச்சா, அதுங்களே சாகாததைத் தலைதூக்க விடாது. நம்பர் ஏறினா மறுபடி ஆரம்பிக்கலாம்."

நோயை மிச்சம் வைக்கும் வைத்தியம் எங்காவது உண்டா? வயசானவன்தானே என்று கைகழுவுகிறார் என்றே எனக்குப் பட்டது. ரயிலில் மொரப்பூர் வரும்வரை புலம்பினேன். "படிச்சவங்க சொல்றாங்க, கேளுங்களேன்" என்றாள் மனைவி. டாக்டர் இவளிடம் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறாரோ என்று அவள் மீதும் சந்தேகம் வந்தது.

பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கினேன். மோட்டார் கொட்டகையில் ஒளித்துவைத்து, தினமும் காலையில் தண்ணீர் எடுத்துவிடப் போகும்போது விழுங்கினேன். மூலையில் அந்தப் பொட்டலங்கள் தூசி படிந்து கிடந்தன.

பல மாதம் கழித்து நம்பர் ஏறியது. டாக்டரம்மா சிரித்தபடியே மருந்துச் சீட்டு எழுதினார். "எதிர்பார்த்ததுதாங்க. மாத்திரை ஆரம்பிச்சதும் இறங்கிடும்." மனைவி நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

அன்று காலையிலும் கொட்டகையில் ஒன்று விழுங்கிவிட்டு, அட்டையை மறதியாகச் சட்டைப் பையில் போட்டு வந்திருந்தேன்.

"மேடம், நான் நிறுத்தவே இல்லைங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். மனைவி என் சட்டைப் பைக்குள் கைவிட்டு, பாதி காலியான மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.