எரிந்த காமனை எழுப்பிய கூத்து

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் எல்லோரும் எங்கள் அண்ணனின் குரலைக் கேட்டவர்கள். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் கூத்து வாத்தியார் என்றால் அவர்தான். அவர் போய் ஓராண்டு ஆகிறது. தம்பியாகிய நான் அதிகம் படித்தவன் அல்லன், தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது திருச்சிப் பக்கம், துறையூருக்கு அருகே. மழை பொய்த்த வருடம் ஆள் பிடிக்க வந்த கங்காணியோடு இலங்கைக்குக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தோம். அம்மா வழியில் காய்ச்சலில் இறந்தார். புதைத்துவிட்டு நடந்தோம். கோப்பிச் செடியெல்லாம் பட்டுப்போய்த் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம். அண்ணன் கன்று நடக் குழி வெட்டினார், வளர்ந்த செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், எனக்கும் சோறு போட்டார். நான் வண்டிக்காரர்களோடு பண்டாரவளை, பதுளை என்று ஓடிப்போய்த் திரும்பினால், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பார்.

மாசியில் காமன் கூத்து வந்துவிட்டால் அவருக்குப் பசி தெரியாது. போன வருடம் ரதி வேடம் மூட்டை தூக்கும் முத்துசாமிக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்டா, நீ ரதியா, அரிசி மூட்டையா? கழுத்துல தாலி ஏறிடுச்சு, கொஞ்சம் நாணி நடடா!"

"எம் பொண்டாட்டியே இப்படித்தாங்க நடக்குறா, வாத்தியாரே!"

அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார்.

சிவன் கண்ணில் காமன் எரிவான். ரதியின் தாலி இறங்கும். மூன்றாம் நாள் காமனை எழுப்பித் தாலியைத் திரும்பக் கட்ட வேண்டும். எழுப்பாமல் விட்டால் தோட்டத்துக்கே ஆகாது.

காமன் எரிந்த மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டார்கள். அண்ணன் "இருக்கேங்க" என்றார். அடுத்த பேரைக் கூப்பிடுவதற்குள் சாய்ந்துவிட்டார். தூக்கும்போதே உயிர் இல்லை.

அன்று மாலையே அடக்கம் செய்தோம். பெரிய கங்காணி தயங்கியபடி எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து அண்ணியிடம் கேட்டார்.

"சாவு விழுந்த எடத்துல கூத்து எப்படிம்மா? காமன் கம்பத்தைப் புடுங்கிரலாம்னு சொல்றாங்க. நீ என்ன சொல்ற?"

அண்ணி தலை நிமிர்ந்தார். "எந்தாலி போனது போனதுதாங்க. அந்தப் பொண்ணு தாலியாவது திரும்பட்டும். எழுப்புங்க."

அந்தப் பொண்ணு என்றது முத்துசாமியை. மீசை மழித்த முகத்தோடு வாசலில் நின்றிருந்தவன் குலுங்கி அழுதான்.

மூன்றாம் நாள் எழுப்பினார்கள். தீட்டுக்காரர்களான நாங்கள் லயத்து வாசலிலேயே நின்று பார்த்தோம். காமன் எழுந்தான், தாலி ஏறியது. குலவையிட வேண்டிய பெண்கள் அண்ணியைப் பார்த்து வாயடைத்து நின்றார்கள். தப்பு மேளச் சத்தமும் ஓய்ந்தது.

"என்னங்கடி பாக்குறீங்க?" அண்ணி வாசலிலிருந்தே கத்தினார். "ஒருத்தி புருசன் உசுரோட திரும்பி வந்திருக்கான், குலவை போடுங்கடி!"

போட்டார்கள்.

கோடித்துணி அனுப்பிய பதுளைக் கடைத்தெரு பாய்க்கும், குழி வெட்டியவர்களுக்கும், கூத்தை முடித்துக் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று அழுதுகொண்டே குலவையிட்ட பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அண்ணியும் நானும் அவர்களைக் கும்பிடுகிறோம்.