தண்ணீரில் முக்கிப் பார்த்த சம்பந்தி வீட்டுக் காப்பு

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம். தூத்துக்குடியில் அந்த மாதத்தில் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் உப்பும் மண்ணும் முதலில் வந்து உட்காரும், அதற்குப் பிறகுதான் நாம். என் மகளின் கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் பாக்கி. அந்தக் கல்யாணத்தை நான் ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். காரணம் நான் மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். கிரேக்கர்களுக்கும் பங்கு உண்டு.

எனக்குத் துறைமுகத்தில் சரக்கு கிளியரன்ஸ் வேலை. காகிதத்தில் ஒன்று எழுதியிருக்கும், பெட்டிக்குள் வேறொன்று இருக்கும். எடையை வைத்தே பொய்யைப் பிடிப்பதில் இருபத்தெட்டு வருஷ அனுபவம். இது போதாதென்று படிக்கிற பழக்கமும் உண்டு. படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் தெரியாது. வீட்டில் மிக்ஸி ரிப்பேரானால்கூட நான் கிரேக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன் என்று என் மனைவி சொல்வாள். ஓட்டுப் போடுவது அவர்கள் தந்தது, நாடக மேடை அவர்கள் தந்தது, மகள் பத்தாம் வகுப்பில் அழுதுகொண்டே போட்ட ஜியோமெட்ரி அவர்கள் தந்தது, டாக்டர் எடுத்துக்கொள்கிற உறுதிமொழி அவர்கள் தந்தது. இதையெல்லாம் நான் சாப்பாட்டு மேசையில் சொல்லும்போது என் வீட்டார் காட்டுகிற பொறுமைக்கு எந்த நாகரிகத்திலும் பெயர் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை மாலை எங்கள் வாசகர் வட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். இன்றைய உலகத்துக்குக் கிரேக்கம் கொடுத்த கொடை என்று தலைப்பு. கூட்டம் பதினான்கு பேர், அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். நான் கொற்கை முத்துக்கு யவனர்கள் ஆசைப்பட்டதில் தொடங்கி, குளியல் தொட்டியிலிருந்து எழுந்து யுரேகா என்று கத்திக்கொண்டு ஓடிய விஞ்ஞானியில் முடித்தேன். கதை உங்களுக்குத் தெரியும். ராஜாவின் கிரீடத்தில் கலப்படம் இருக்கிறதா என்று அதை உடைக்காமல் கண்டுபிடிக்க வேண்டும், தண்ணீரில் முக்கிக் கண்டுபிடித்தார், பொற்கொல்லர் அகப்பட்டுக்கொண்டார். கேள்வி கேட்டுச் சோதித்துப் பார்க்கிற இந்தக் குணம்தான் நவீன உலகத்தின் அஸ்திவாரம் என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுந்தார். "சார், நீங்க இத எப்பவாவது செஞ்சு பாத்திருக்கீயளா?"

இல்லை. ஐம்பத்து மூன்று வயதில், வாயால் தவிர வேறு எதாலும் நான் விஞ்ஞானம் செய்ததில்லை.

அந்தக் கேள்வி ராத்திரி முழுக்க முதுகில் முள்ளாகக் கிடந்தது. மறுநாள் ஞாயிறு. மனைவியும் மகளும் பத்திரிகை வைக்க ஆழ்வார்திருநகரிக்குப் போனார்கள். வீட்டில் நான், தண்ணீர், மகள் கேக் செய்ய வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசு. முதலில் என் கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். எடை போட்டேன். பிறகு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, மோதிரத்தை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, தராசு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தேன். அடர்த்தியான உலோகம் என்றால் இடம் குறைவு, குறைவாகத்தான் கூடும். கணக்குச் சரியாக வந்தது. தங்கம். அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்று உங்களுக்கு வேறு யாராவது எழுதிய அனுபவம் படிக்கக் கிடைத்திருக்கும்.

மோதிரம் ரொம்பச் சின்னது, சோதனை என்றால் கொஞ்சம் கனமாக வேண்டாமா? பீரோவில் சம்பந்தி வீட்டுக் காப்பு இருந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் ஏரல். கடை வைத்திருக்கிற குடும்பம். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா தன் கையில் இருபத்தைந்து வருஷம் கிடந்த ஜோடிக் காப்பைக் கழற்றி என் மகள் கையில் போட்டிருந்தார். இரண்டும் சேர்த்து ஐந்து பவுன். விரல் பருமன் இருக்கும்.

நாற்பது கிராம் காட்டியது. தண்ணீரில் தொங்கவிட்டேன். தங்கமாக இருந்தால் இரண்டேகால் கிராம் கூட வேண்டும். ஐந்து கிராம் கூடியது. நூலை மாற்றினேன், தம்ளரை மாற்றினேன், தராசுக்கு பேட்டரி மாற்றினேன். ஐந்து கிராம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்டப் பித்தளை.

அந்த விஞ்ஞானி எழுந்து ஓடினார். நான் தராசுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் மகள் ஏழு வரன்களைத் தட்டிக்கழித்த பிள்ளை. ஒருவனுக்கு மீசை சரியில்லை, ஒருவன் பேசும்போது போனைப் பார்க்கிறான், ஒருவன் என்னைப் போலவே பேசுகிறான். எட்டாவதாக வந்த இந்தப் பையனைப் பார்த்த நாளிலிருந்து மொட்டைமாடியில் போனோடு நடந்துகொண்டு சிரிக்கிறாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் அதற்குமுன் கேட்டதில்லை. பித்தளையைத் தங்கம் என்று கொடுக்கிற வீட்டுக்கு அவளை எப்படி அனுப்புவது? அனுப்பவில்லை என்றால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

மனைவியிடம் சொல்லவில்லை. பாவம், பதறிப்போவாள் என்று. இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் அந்த வாரத்தில் செய்யவில்லை. போட்டி கடுமையாக இருந்தும்.

திங்கள்கிழமை லீவு போட்டேன். காப்பைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு, மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடி, ஆபீஸ் போகிற மாதிரிக் கிளம்பி ஏரல் பஸ்ஸில் ஏறினேன். கொற்கைக்குப் பிரிகிற ரோட்டைத் தாண்டும்போது, அந்தக் காலத்து யவனர்கள் முத்தை எப்படிச் சோதித்து வாங்கினார்கள் என்று ஒரு எண்ணம் ஓடியது. மகள் வாழ்க்கை டப்பாவுக்குள் குலுங்கிக்கொண்டு வருகிறது, இவனுக்கு ஆராய்ச்சி.

சம்பந்தி கடையில் இருந்தார். அதுவரை நல்லது. அவர் கோபக்காரர். நிச்சயதார்த்தத்தன்று வாசலில் வரவேற்க ஆள் நிற்கவில்லை என்று முக்கால் மணி நேரம் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர். வீட்டில் அந்த அம்மா மட்டும் இருந்தார். மோர் கொடுத்தார். நான் டப்பாவைத் திறந்து காப்பை மேசைமேல் வைத்தேன். நேராக விஷயத்துக்கு வர என் பரம்பரையில் யாருக்கும் தெரியாது. ராஜாவில் ஆரம்பித்தேன். கிரீடம், குளியல் தொட்டி, தண்ணீர், அகப்பட்டுக்கொண்ட பொற்கொல்லர் எல்லாம் சொல்லி, கடைசியில் எங்கள் வீட்டுத் தம்ளருக்கு வந்து, ஐந்து கிராம் என்று சொல்லி நிறுத்தினேன். என் குரல் எனக்கே கஸ்டம்ஸ் ஆபீஸர் குரலாகக் கேட்டது.

அந்த அம்மா காப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகம் சிவந்து, பிறகு அடங்கியது.

"அண்ணாச்சி, அந்த ஆசாரிய யாராவது கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டாவளா?"

எந்த ஆசாரி என்றேன். கிரீடம் செய்தவர் என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன். கதையில் ராஜா பேசுகிறார், விஞ்ஞானி கத்துகிறார். பொற்கொல்லருக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

அவர் தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினார். ஒரு காப்பை எடுத்து, பூட்டுவாய்க்கு உள்பக்கம் ஊசி நுழைகிற அளவு இருந்த ஒரு துளையைக் காட்டினார். ஊக்கை விட்டுச் சுரண்டினார். அன்றைய பேப்பர்மேல் கருஞ்சிவப்பாக ஒரு துணுக்கு விழுந்தது.

"இதுக்குப் பேரு அரக்கு. உள்ளே பொள்ளலா இருந்தா நசுங்கிரும்னு வைக்கிறது. கையில காப்பு போட்ட எந்தப் பொம்பளையக் கேட்டாலும் சொல்லுவா. வீட்டுல மைனிகிட்டயாவது ஒரு வார்த்த கேட்டுட்டு பஸ் ஏறியிருக்கலாம்லா?"

பிறகு மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எடை குறைவாகவும் அடைக்கிற இடம் அதிகமாகவும் மூன்று கிராம் அரக்கு, மிச்சம் சுத்தத் தங்கம். தண்ணீர் சொன்னது அத்தனையும் உண்மை. தண்ணீருக்குப் புரிந்தது எனக்குத்தான் புரியவில்லை. துறைமுகத்தில் சந்தேகம் வந்தால் பெட்டியைத் திறந்து பார்ப்போம். சரக்குக்கு உரியவரை வரவழைத்துக் கேட்போம். சொந்த மகள் விஷயத்தில் மட்டும் அந்த விதியெல்லாம் எனக்குப் பொருந்தாது போலும்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வாசலில் பைக் சத்தம். சம்பந்தி. மேசைமேல் காப்பு, பக்கத்தில் ஊக்கு, எதிரே வாயைத் திறந்தபடி நான். அவர் காப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன மச்சான், போட்ட காப்பத் திருப்பிக் கொண்டாந்திருக்கிய?"

குரலில் காரைவிட்டு இறங்காத அந்த முக்கால் மணி நேரம் தெரிந்தது. என் மகளின் சிரிப்பு, அடித்து வைத்த எழுநூறு பத்திரிகை, எல்லாம் அந்தக் கேள்வியின் நுனியில் தொங்கின. முப்பது வருஷமாக நிற்காமல் பேசுகிற என் வாய், தேவையான ஒரே சந்தர்ப்பத்தில் வேலைநிறுத்தம் செய்தது.

அந்த அம்மா ஊக்கைத் திரும்பச் சரட்டில் மாட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "பிள்ளைக்குக் கையில நிக்கலியாம். கழண்டு விழுந்துரக் கூடாதேன்னு அளவு சின்னதாக்கக் கொண்டாந்திருக்காவ. பொறுப்பான மனுசன்."

சம்பந்தி முகம் மலர்ந்தது. இதற்காகவா லீவு போட்டு வந்தீர்கள், ஒரு போன் போட்டால் நானே வந்து வாங்கிக்கொள்ள மாட்டேனா என்று கடிந்துகொண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார். இலையில் என்ன பரிமாறினார்கள் என்று எனக்கு நினைவில்லை. அந்த அரக்குத் துணுக்கை மட்டும் யாரும் பார்க்காதபோது பேப்பரோடு கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அளவு சின்னதாக்கிய காப்பு என் மகள் கையைக் கொஞ்சம் இறுக்கியது. முன்னால் சரியாகத்தானே இருந்தது என்று அவள் கேட்டபோது நான் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன். அங்கே சம்பந்தி அம்மா என் இலையருகே வந்து நின்று, என் மனைவி காதுபடக் கேட்டார்: "அண்ணாச்சி, பாயசத்தத் தண்ணியில முக்கிப் பாத்தீயளா?" என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. இன்றுவரை அந்த அம்மா யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்கு இதைப் படித்தால்தான் தெரியும். அன்றைக்கு நான் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

துணுக்கு என் பழைய கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. வாசகர் வட்டத்தில் இப்போதும் கிரேக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன். குணம் எங்கே போகும். ஆனால் அந்தக் குளியல் தொட்டிக் கதைக்கு வரும்போது குரல் தானாக இறங்கிவிடுகிறது. உண்மையைக் கண்டுபிடித்த வேகத்தில் துணிகூட இல்லாமல் தெருவில் ஓடியவரை உலகம் இத்தனை காலமாக நினைவில் வைத்திருக்கிறது. அப்படி ஓடியவனுக்கு வழியில் ஒரு துண்டை எடுத்துப் போர்த்தி, ஒன்றுமே நடக்காதது போல வீட்டுக்கு அனுப்பிவைத்தவர் ஒருவர் அங்கேயும் இருந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன், எனக்கு ஏரலில் இருந்தது போல.