கடலுக்கு என்று சொல்லச் சொன்னார்கள்

மேவிஸ் அன்ரி இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. லிபெர்த்தா வீதியில் இப்போது நான் வேலை செய்யும் வீட்டுக்குப் போகும் வழியில், கோயில் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கறுப்புக் கரை போட்ட நோட்டீசு ஒன்று ஒட்டியிருந்தது. சட்டத்தரணி இன்னாரின் தாயார், காலஞ்சென்ற சல்வத்தோரேயின் மனைவி என்று பெரிய எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே சிறிதாக அவர் பெயர். அதிலும் ஓர் எழுத்துப் பிழை. அவர் மகன் குடும்பம் இருக்கும் கட்டடத்தின் காவற்காரரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "அடக்கம் முந்தநாளே முடிஞ்சுது. உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றார். அவருக்கே முகம் ஒருமாதிரியாகிவிட்டது.

இங்கே பலெர்மோவில், அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் எங்கள் ஆட்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு தமிழ்ப் பூசைக்கு வந்து, ஒரு சொல்லும் விளங்காமல் கடைசிவரை இருந்துவிட்டுப் போகும் வெள்ளைக்கார அன்ரி. உங்களில் சிலருக்கு அவர்மேல் கோபமும் இருந்தது. அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கும்படி பங்குச் சுவாமியிடம் சொல்லியிருக்கிறேன். கோபித்தவர்களும் வரவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் வட இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை நகரத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போனவர். பக்கத்துச் சாயப்பட்டறைக்கு வேலை தேடிவந்த பலெர்மோக்காரரைக் கலியாணம் செய்து, ஆலை மூடியபிறகு நாலு வயது மகனோடு இந்த ஊருக்கு வந்தார். கணவர் இறந்தபின் மகன் வீட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

முதல் நாள் மருமகள் என்னிடம், "கத்திக் கதைக்கவேணும், வயசு போய்க் காது கேளாது" என்றார். அவர் அறையைவிட்டுப் போனதும் அன்ரி ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சொன்னவற்றை என் வாய்க்கு வரும் தமிழிலேயே தருகிறேன். "வயசு இல்லை, லவ். தறி. நூற்றுக்கணக்கான தறி ஒண்டா அடிச்சா ஆற்றை காது மிஞ்சும்? நீ கத்தாதை. வாயை வடிவா அசை, காணும்." எல்லோரையும் அவர் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார், பிடிக்காதவர்களையும்கூட. அந்தத் தறிக்கூடத்துப் பெண்கள் சத்தமே இல்லாமல், உதட்டைப் பார்த்தே நாள் முழுக்கக் கதைத்தவர்கள். மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் நான் படித்த ஆங்கிலம் ஒருநாளும் வேலைக்கு உதவவில்லை என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டுக் குசினியில் அது உதவியது. நாங்கள் குரல் இல்லாமல் மணிக்கணக்காகக் கதைத்தோம். நானும் அன்ரியும் ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று மருமகள் கணவரிடம் முறைப்பட்டாராம்.

ஒருநாள் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, "உங்கட ஊருக்குப் போக ஆசையில்லையோ?" என்று கேட்டுவிட்டேன். இங்கிலாந்து என்றால் எங்கள் ஆட்களுக்கு இருக்கும் மயக்கம் எனக்கும் இருந்தது. அவர் என் கையிலிருந்த விரிப்பைக் காட்டினார்.

"திங்கட்கிழமை எண்டா ஊரே உடுப்புத் தோய்க்கும். தோய்ச்சு ஒழுங்கைக்குக் குறுக்கை கொடி கட்டிப் போடுவம். காயிறதுக்குள்ளை ஆலைப் புகைக்கரி வந்து விழும். திருப்பித் தோய்ப்பம். கக்கூசுக்கு மழையிலை முற்றம் தாண்டிப் போகவேணும். ஆனா வாசற்படியை மட்டும் கல்லாலை தேய்ச்சு வெள்ளையா வைச்சிருக்கவேணும், இல்லாட்டிப் பக்கத்து வீட்டுக்காரி வாய்க்குள்ளை போட்டு மெல்லுவாள். அந்தப் படியைத்தான் இப்ப படம் எடுத்துப் போட்டு, எவ்வளவு நல்ல காலம் எண்டு எழுதுறாங்கள்."

அவருடைய தாய் பஞ்சைச் சிக்கெடுக்கும் பகுதியில் வேலை செய்தவர். தூசி நெஞ்சில் படிந்து, கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டு, நாற்பத்தெட்டு வயதில் மூச்சு முட்டிச் செத்தார். சிகரெட் குடித்ததால் வந்த வருத்தம் என்று டொக்டர் எழுதினார். அவர் ஒருநாளும் சிகரெட்டைத் தொட்டவரில்லை. ஆலை முதலாளி ஒரு மலர்வளையம் அனுப்பினார். "பூ அனுப்பினான்," என்றார் அன்ரி. "எங்களுக்குத் தேவைப்பட்டது காத்து." பிறகு நான் அந்த ஊரைப்பற்றி ஆசையாக எதுவும் கேட்டதில்லை.

உங்களில் சிலர் கோபித்த அந்த ஞாயிறுக்கு வருகிறேன். பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு மூன்று குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போக வழி பார்த்துக்கொண்டிருந்த நேரம். றீற்றா அக்கா அன்ரிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, "அங்கை எங்கட சனத்தை நல்லா நடத்துவினமோ எண்டு கேள்" என்று என்னிடம் சொன்னார். கேட்டேன்.

அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார். கடைசிக் காலத்தில் பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள்தான் ஆலையில் இரவு வேலை செய்தார்கள் என்றார். "பகலிலை நான் நிண்ட தறியிலை இரவிலை ஒருத்தன் நிண்டான். தறி ஆறுறதில்லை. எத்தினையோ வருசம். அவன்ரை பேர் எனக்குத் தெரியாது. ஆலை மூடப்போகுது எண்டு கதை வந்த உடனை, இவங்கள் வந்துதான் எங்கட வேலை போச்சுது எண்டு ஊரெல்லாம் சொல்லிச்சு. நானும் சொன்னனான். வாசலிலை நிண்டு கத்தினனான்."

நான் ஒரு சொல்லும் குறைக்காமல் தமிழில் சொன்னேன். "இப்பிடிப்பட்டவவை ஏன் இஞ்சை கூட்டிக்கொண்டு வாறாய்?" என்று றீற்றா அக்கா எழும்பிப் போனார். வீட்டுக்கு நடந்து போகையில், ஏன் அதைச் சொன்னீர்கள் என்று அன்ரியிடம் கேட்டேன். "போறது பிள்ளையள். பொய் சொல்லி அனுப்ப ஏலாது," என்றார். தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ள அவருக்கு அன்று எவ்வளவோ வசதி இருந்தது. அது அவருக்குத் தேவைப்படவில்லை.

பிறகு மறதி வந்தது. முதலில் போனது இத்தாலியன் மொழி. கணவரின் பெயரையும் மகனின் பெயரையும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினார். மகனுக்கு அது விளங்கவில்லை. நாலு வயதில் இங்கே வந்தபோது அந்தப் பிள்ளை ஆங்கிலம்தான் கதைத்ததாம். தாயும் மகனும் வாய் திறந்தால், "மனிசர் மாதிரிக் கதையுங்கோ" என்று கணவரின் தாய் அதட்டுவாராம். அன்ரி வாயை மூடிக்கொண்டார், பிள்ளை மறந்துவிட்டது. இப்போது பேரப்பிள்ளைகள் காசு கொடுத்து ஆங்கிலம் படிக்கிறார்கள். அந்தப் பெரிய வீட்டில் தாய் சொல்வதை மகனுக்குச் சொல்ல மன்னார்க்காரி நான் வேண்டியிருந்தது.

ஒருநாள் காலை மகன் என்னைக் கூப்பிட்டார். தாயை நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் விட ஏற்பாடு செய்துவிட்டாராம். "கொஞ்சநாள் கடற்கரைக்குப் போறம், பிறகு திரும்பி வருவம் எண்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ" என்றார். தாய்க்கு முன்னால் நின்றுதான் சொன்னார். தாய் எங்கள் இருவரின் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களை ஒரு இல்லத்திலை விடப்போகினம், அன்ரி," என்றேன். "கடலுக்கு எண்டு சொல்லச் சொல்லுறார்."

அவர் மகனை ஒருதடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார், முழுத் தெளிவோடு. "ஆலையிலையும் இப்பிடித்தான். வருசத்திலை ஒரு கிழமை எல்லாருக்கும் லீவு விட்டு, ஊரே கடலுக்குப் போகும். அந்த வருசமும் போனம். திரும்பி வந்து பார்த்தா ஆலை வாசலிலை சங்கிலி. அவனுக்குச் சொல்லு. அனுப்பிறதெண்டா அனுப்பட்டும். கடல் எண்டு சொல்லவேண்டாம்."

நான் அதை அப்படியே இத்தாலியனில் சொன்னேன். மகனின் முகம் சிவந்துபோனது. "இதை அம்மா சொன்னாவோ, நீங்களாச் சொல்லுறியளோ?" என்று கேட்டார். "உங்கட அம்மாதான், நீங்கள் பார்த்துக்கொண்டுதானே நிண்டியள்" என்றேன். அந்தக் கிழமையோடு நான் வரத் தேவையில்லை என்றார்கள்.

இல்லத்துக்கு ஒரேயொரு தடவை போகமுடிந்தது. யாரோ உறவு என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டார்கள். சுவரைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். "இப்ப ஒண்டும் கதைக்கிறேல்லை, சும்மா வாயை மெல்லுறா. செபம் சொல்லுறா போலை" என்று தாதிப்பெண் சொன்னாள். நான் முன்னால் போய்க் குந்தியிருந்து பார்த்தேன். அவர் கதைத்துக்கொண்டுதான் இருந்தார், சத்தம் இல்லாமல். "ஆராவது அந்த யன்னலைத் திறவுங்கோ, லவ்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஈரம் போனால் நூல் அறும் என்று தறிக்கூடத்து யன்னல்களைத் திறக்க விடமாட்டார்களாம். நான் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தெரிந்ததோ இல்லையோ, வாய் அசைவது நின்றது. சற்றுநேரத்தில் தாதி வந்து, மற்றவர்களுக்குக் குளிரும் என்று அதைச் சாத்திவிட்டுப் போனாள். அடுத்த முறை நான் போனபோது, குடும்பத்தார் மட்டும்தான் வரலாம் என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.

அந்த மகனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவேண்டும் என்று சுவாமி சொல்கிறார், பார்க்கலாம். அவரை வெறும் கெட்ட மனிதர் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தாயின் மொழியை அவரிடமிருந்து பறித்தவர்கள் வேறு ஆட்கள். ஆனால் தாய் கடைசியாகச் சொன்னதை அவருக்கு விளங்கும் மொழியில் நான் சொன்னேன். அதைக் கேட்டபிறகும் அனுப்பியவர் அவர்தான்.

மேவிஸ் அன்ரியிடமிருந்து எனக்கென்று ஒரு பொருளும் கிடைக்கவில்லை. என்னிடம் இருப்பது ஒரு பழக்கம் மட்டும்தான். புதிதாக வேலை கேட்டுப் போகும் வீட்டில் சம்பளம் கதைப்பதற்கு முன்னால், "நோயாளி என்னைக் கேட்டா நான் உள்ளதைத்தான் சொல்லுவன், சம்மதமோ?" என்று வீட்டுக்காரச் சின்யோராவிடம் கேட்கிறேன். இரண்டு வீட்டில் யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பிறகு கூப்பிடவில்லை.